ஐம்பது கிராம் சீரகம்

“பியானோ வாங்கப் போறவன் கையோட கூட்டிட்டுப் போக வேண்டியது…” என்று என் மாமனார் ஒரு பேச்சைத் தொடங்குவார் சார். யாரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது மட்டும் எனக்கு மறந்துவிட்டது. இங்கே நம்ம சர்ச்சில் நாற்பது வருஷம் ஆர்கன் வாசித்தவர் அவர். தொண்டைக்கு நல்லதென்று எப்போதும் வாயில் ஒரு கிராம்பு கிடக்கும். வாக்கியத்தின் முதல் பாதி வெளியே வரும், மறு பாதி கிராம்போடு உள்ளே போய்விடும். விவரம் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போ என்றுதான் சொல்லியிருப்பார். வேறு யாரைச் சொல்லப்போகிறார்?

உட்காருங்கள் சார். அதிலேயே உட்காருங்கள், அதுதான் நீங்கள் பார்க்க வந்த ஸ்டூல். பக்கத்துக்கு ஒரு குமிழ் இருக்கிறது பாருங்கள், திருகினால் ஏறும், இறங்கும். இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள், உங்களுக்குக் கால் நீளம். ஆங், போதும். இப்போது கையை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல் வரை தரைக்கு இணையாக வரும். வாசிக்கிற ஆளுக்கு முழங்கைதான் முக்கியம். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் முழங்கையைப் பற்றி நிறையப் படித்திருக்கிறேன்.

தூத்துக்குடியிலிருந்தா வருகிறீர்கள்? மகளுக்கா? நல்லது. காபி நானே போடுகிறேன், எப்சி வாக்கிங் போயிருக்கிறாள். எப்சிபா, என் மனைவி. விளம்பரம் போட்டது அவள்தான். காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து, “சாயங்காலம் ஒருத்தங்க ஸ்டூலைப் பாக்க வருவாங்க அத்தான். கொடுத்து அனுப்பிருங்க” என்றாள். ஏன் என்று வாயில் நுரையோடு கேட்பதற்குள் துணி காயப்போடப் போய்விட்டாள். எனக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருந்தது. ஆனால் விற்க வேண்டும் என்று அவள் நினைத்தால் காரணம் இருக்கும். உயரம் பிடிக்கவில்லையோ என்னவோ.

பியானோ எங்கே என்று பார்க்கிறீர்கள். எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அந்தச் சுவர் இருக்கிறதே, அங்கே ஐந்தடி இடம் காலியாக விட்டிருக்கிறேன். எண்பத்தெட்டுக் கட்டையும் ஐந்தடிக்குள் அடங்கும். அதற்கென்று தனி பிளக், தனி சுவிட்ச், மேலே ஒரு விளக்கு. இடம் தயார், கரன்ட் தயார், ஸ்டூல் தயார். பியானோ மட்டும்தான் பாக்கி. அது கொஞ்சம் நீளமான கதை. உங்களுக்கு எத்தனை மணிக்குப் பஸ்? ஏழரைக்கா? அப்போது நேரம் இருக்கிறது.

நான் இருபத்தொரு வருஷம் கனடாவில் இருந்தேன். ஒரு சின்ன ஊர் நகராட்சியில் கொள்முதல் பிரிவு. ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் அதைப்பற்றி எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியது என் வேலை. பனி அள்ளுகிற வண்டி ஒன்று வாங்க மூன்று குளிர்காலம் ஆராய்ந்தோம். அந்த மூன்று குளிர்காலமும் ஊர் ஜனங்கள் மண்வெட்டியால் அள்ளினார்கள், அது வேறு விஷயம். நாலாவது வருஷம் வந்து நின்ற வண்டியில் ஒரு குறை சொல்லட்டும் பார்ப்போம். அந்த வருஷம் பனி அவ்வளவாகப் பெய்யவில்லை, அதையும் விடுங்கள்.

தவிரவும் நான் எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், அதற்கப்புறம் இங்கிலீஷ் மீடியம். அதனால் எதையும் இரண்டு தடவை யோசிக்கிற பழக்கம் வந்துவிட்டது, அந்த பாஷையில் ஒரு தடவை, இந்த பாஷையில் ஒரு தடவை. இரண்டும் ஒத்துப்போனால் வாங்குவேன். ஒத்துப்போவது அபூர்வம்.

எப்சியைப் பெண் பார்க்கப் போனபோது அவர்கள் வீட்டு ஹாலில் ஒரு பியானோ நின்றது. யாரோ ஒரு மிஷனரி அம்மா ஊருக்குத் திரும்பும்போது விட்டுவிட்டுப் போனது. எப்சி ஐந்து வயதிலிருந்து அதில் வாசித்தவள். அன்றைக்கும் வாசித்தாள். எங்கள் அப்பா பஜ்ஜியைக் கையில் பிடித்தபடியே கடைசி வரை இருந்தார், கடிக்கவில்லை. அவ்வளவு நன்றாக வாசித்தாள் என்று அர்த்தம். நான் எல்லோர் முன்னாலும் சொன்னேன், “அங்க போன உடனே ஒரு பியானோ வாங்கிருவோம்.” மாமனார் அந்தக் கிராம்பு வாக்கியத்தைச் சொன்னது அப்போதுதான். நாங்கள் விமானம் ஏறி இரண்டு வருஷத்துக்குள் அந்தப் பழைய பியானோவைக் கரையான் தின்றுவிட்டது. மரம் முழுக்கத் தின்றுவிட்டுக் கம்பிகளை மட்டும் மிச்சம் வைத்திருந்ததாம். கொஞ்ச நாள் மாமியார் அதில் துணி காயப்போட்டார்கள்.

அங்கே போனால் மூன்றாவது மாடி, மரத்தளம். கீழ்வீட்டில் ஒரு கிழவர், நான் தும்மினாலே துடைப்பக் கம்பால் கூரையை இடிப்பார். அசல் பியானோ சாத்தியமே இல்லை. டிஜிட்டல்தான், ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்கலாம். அன்றைக்குத் தொடங்கினேன் ஆராய்ச்சியை.

நீங்களும் மகளுக்கு வாங்கப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன், டிஜிட்டல் பியானோ ஒரே நாளில் பிறந்ததில்லை. முதலில் வந்ததெல்லாம் மின்சார ஆர்கன் மாதிரி. மெதுவாகத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே ‘ஙீ’தான். எண்பதுகளில் என்ன பண்ணினார்கள், நல்ல பியானோ ஒன்றைப் பிடித்து, ஒவ்வொரு கட்டையாக அடித்து, சத்தத்தைப் பதிவு பண்ணி ஒரு சில்லுக்குள் அடைத்தார்கள். சத்தம் பியானோ, ஆனால் கட்டை பிளாஸ்டிக். டைப்ரைட்டர் மாதிரி துள்ளும். பிறகு கட்டைக்கு அடியில் சுத்தியல் வைத்தார்கள். அது எதையும் அடிக்காது சார், விரலுக்குக் கனம் தெரிவதற்காக மட்டும் ஏறி இறங்கும். அடிக்க ஒன்றுமே இல்லாத சுத்தியல். அதை நினைத்துக்கொண்டு ஒரு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் இடப்பக்கக் கட்டைக்குக் கனம் கூட, வலப்பக்கத்துக்குக் குறைய. அசலில் அப்படித்தான் இருக்கும். அப்புறம் விரலின் வேகத்தைக் கண்டுபிடிக்கக் கட்டைக்கு இரண்டு சென்சார், அப்புறம் மூன்று. இப்போது பதிவே வேண்டாம் என்கிறார்கள், கம்பி எப்படி அதிரும் என்று அந்த நொடியே கணக்குப் போட்டுச் சத்தத்தை உண்டாக்கிவிடுகிறது.

இப்படி வளர்ந்துகொண்டே இருக்கிற ஒன்றை நடுவில் போய் வாங்கலாமா? தவழ்கிற பிள்ளைக்கு யூனிஃபார்ம் தைத்த மாதிரி ஆகிவிடாதா? மூன்றாவது சென்சார் வரட்டும் என்று இருந்தேன். வந்தது. ஒரே நேரத்தில் அறுபத்து நாலு ஸ்வரம்தான் கேட்கும் என்று போட்டிருந்தான், நூற்று இருபத்தெட்டு வரட்டும் என்று இருந்தேன். வந்தது. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வந்தது. இருநூற்று ஐம்பத்தாறும் வந்தது. எனக்கு விரல் பத்துதானே அத்தான் என்று எப்சி ஒருநாள் கேட்டாள். விரலை எடுத்த பிறகும் பெடலை மிதித்திருந்தால் பழைய ஸ்வரமெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும், அதையும் சேர்த்துத்தான் கணக்கு என்று படம் போட்டு விளக்கினேன். முழுக்கக் கேட்டாள். அவள் நன்றாகக் கேட்பாள் சார், சங்கீதக் காது.

அவளுக்காகத்தான் காத்திருந்தேன். இருபத்தொரு வருஷம். ஒரு பொண்டாட்டிக்காக இப்படிக் காத்திருக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

நடுவில் அவளுக்கு உடம்புக்கும் ஒரு தொந்தரவு. பெரிதாக ஒன்றும் இல்லை, விரல். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் பத்து விரலும் தானாக ஓடும். காரில் போனால் முன்னால் இருக்கிற பலகையில் ஓடும், சோபாவின் கையில் ஓடும், சப்பாத்தி தேய்க்கிற பலகையில் மாவோடு ஓடும். ஒருமுறை சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது என் முழங்கால் மேல் ஓடிற்று, எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையே என்றார். டாக்டர்களுக்கு என்ன, நான் படித்துப் பார்த்து மக்னீசியம் குறைபாடு என்று கண்டுபிடித்து ஒரு பெரிய புட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். எட்டு மாதம் தட்டாமல் சாப்பிட்டாள். அதற்கப்புறம் என் முன்னால் விரல் ஓடி நான் பார்க்கவில்லை. குணமாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

காபியில் சீனி போதுமா? சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மாமனார் இறந்த மறு வருஷம், போன ஜூனில், ஒரேயடியாகத் திரும்பி வந்துவிட்டோம். பாளையங்கோட்டையில் எத்தனையோ ப்ளாட் பார்த்தேன், கடைசியில் இதை எடுத்ததற்குக் காரணமே பியானோதான். கீழே டெய்லர் கடை, அவர் மெஷின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்காது. சர்ச்சும் பக்கம், வாசலிலிருந்து நூற்றைம்பது எட்டு. நானே நடந்து எண்ணிப் பார்த்தேன். குடிவந்த அன்றைக்கே சொல்லிவிட்டேன், கிறிஸ்துமஸுக்குள் பியானோ. எப்சி, சரி அத்தான் என்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சந்தோஷம் அதிகமானால் சிலருக்கு அப்படித்தான்.

உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டேன். பதினேழு மாடல், நாற்பத்து மூன்று கட்டம். கட்டையின் கனம், மூடியின் கீல் எந்த ஊர் செய்தது, பெட்டியோடு எடை, பெட்டி இல்லாமல் எடை, கரன்ட் போனால் எத்தனை நொடியில் அணையும், எல்லாம் உண்டு. எப்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேலிருந்து கீழே பார்த்தாள். “சத்தம் எப்படி இருக்குன்னு ஒரு கட்டம் இல்லியே அத்தான்” என்றாள். அது அளக்க முடியாத விஷயம், அதனால் விட்டுவிட்டேன் என்றேன். ஆமா அளக்க முடியாதுதான் என்று அவளும் ஒத்துக்கொண்டாள்.

பிறகு மதுரைக்குப் போனேன், ஒரு பெரிய கடை, மாடி முழுக்கப் பியானோ. மாமனார் சொன்ன மாதிரி விவரம் தெரிந்த ஆளைக் கூட்டிப்போக வேண்டுமே என்று யோசித்தேன். இந்த ஊரில் இந்த விஷயத்தில் என்னைவிட விவரம் தெரிந்தவன் யார்? அதனால் தனியாகத்தான் போனேன். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஐம்பது கிராம் சீரகப் பாக்கெட் ஆறு.

சிரிக்காதீர்கள். கட்டையின் கனத்தை அளக்க அதுதான் வழி. நடுக்கட்டையில் ஒரு பாக்கெட்டை வைத்தால் கட்டை மெதுவாகத் தானே இறங்க வேண்டும். டபக்கென்று இறங்கினால் லேசு, இறங்கவே இல்லையென்றால் கனம் கூட. மிளகும் வைக்கலாம், ஆனால் பாக்கெட் உருளும். சீரகம் பணிந்து உட்காரும். பெட்டி எடையிலிருந்து கட்டை எடை வரை இதில் எதுவும் கம்பெனிக்காரன் சொல்வதை நம்பக் கூடாது சார்.

கடையில் ஒரு பெண், சட்டையில் சுடர்க்கொடி என்று பெயர் குத்தியிருந்தது, நான் ஒவ்வொரு பியானோவாகச் சீரகம் வைத்துக்கொண்டு போவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மரியாதையாகப் பக்கத்தில் வந்தாள்.

“யாரு சார் வாசிக்கப் போறது?”

“என் மனைவி.”

“அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே சார்.”

“அவளுக்கு இதெல்லாம் தெரியாதும்மா. வாசிக்க மட்டும்தான் தெரியும்.”

அதற்கு அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை. சரியான பதில் சொன்னால் அப்படித்தான், எதிராளிக்குப் பேச்சு வராது. அந்த நேரம் பார்த்து ஒரு பாக்கெட்டின் வாய் பிரிந்துவிட்டது. சீரகம் முழுக்கக் கட்டைகளுக்கு நடுவில் இறங்கிவிட்டது. கடைக்காரர்கள் ஊதினார்கள், தலைகீழாகச் சாய்த்தார்கள், தூசி உறிஞ்சுகிற மெஷினைக் கொண்டு வந்தார்கள். முக்கால்வாசி வந்தது. மீதி உள்ளேயே தங்கிவிட்டது. அந்த மாடலை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன், உள்ளே சீரகம் இருக்கிற பொருளை எப்படி வாங்குவது? இன்றைக்கும் போய்ப் பாருங்கள், நடுவில் ஒரு கட்டையைத் தொட்டால் லேசாகக் கறகறக்கும், ரசம் தாளித்த வாசனை வரும்.

வெறுங்கையோடு வரக்கூடாது என்று அன்றைக்கு இந்த ஸ்டூலை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பியானோ வளரும், ஸ்டூல் வளராது. ஸ்டூலின் வளர்ச்சி இந்தக் குமிழோடு முடிந்துவிட்டது. இனி ஒருவன் வந்து ஸ்டூலில் புதிதாகச் செய்ய ஒன்றுமில்லை. பஸ்ஸில் அதற்கும் ஒரு டிக்கெட் எடு என்றார் கண்டக்டர். எடுத்தேன். மதுரையிலிருந்து அதன் மேலேயே உட்கார்ந்து வந்தேன், முதுகு வலிக்கவில்லை. உங்கள் மகளுக்கு நல்ல பொருள்.

நவம்பரில் ஒருவழியாக ஒரு மாடல் முடிவாயிற்று. தமிழும் இங்கிலீஷும் ஒத்துப்போன மாடல். உடனே ஐயரைப் பார்த்துத் தேதி கேட்டேன். எங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் பாதிரியாரை ஐயர் என்றுதான் சொல்வோம் சார், குழம்பாதீர்கள். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும், ஃப்ரிட்ஜோ மோட்டார் சைக்கிளோ, ஐயரைக் கூப்பிட்டு ஒரு ஸ்தோத்திர ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தொடுவோம். உங்கள் பக்கம் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற மாதிரி. கிஃப்ட்சன் ஐயர் இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் என்றார். பாடகர் குழு, ஜெபக் குழு, எப்சி பக்கத்துச் சொந்தம் என்று முப்பது பேரைச் சொல்லியாயிற்று. கேக், மிக்சர், டீ. எப்சி அன்றைக்குப் பச்சை சேலை எடுத்து இஸ்திரி போட்டு வைத்தாள். விரல் நகமெல்லாம் வெட்டிக்கொண்டாள்.

மறுநாளே வீட்டில் இறக்கிவிடுவோம் என்று போட்டிருந்தான். வியாழக்கிழமை ஆர்டர் பொத்தானை அழுத்த விரலைக் கொண்டு போகிறேன் சார், அந்த நிமிஷம் செய்தி வருகிறது, அதே மாடலில் அடுத்தது ஜனவரியில் வெளியாகிறதாம். கட்டை மேல் பூச்சு மாறுகிறதாம், விரல் வியர்த்தாலும் வழுக்காதாம். எப்சிக்கு விரல் வியர்க்குமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வியர்த்தால்? விரலை எடுத்துவிட்டேன்.

பியானோவைத்தான் நிறுத்த முடிந்தது, ஜெபத்தை நிறுத்த முடியவில்லை. கேக் சொல்லியாயிற்று.

சனிக்கிழமை முப்பது பேரும் வந்து இந்த ஹாலில் நின்றார்கள். அந்தச் சுவர், மேலே எரிகிற விளக்கு, விளக்குக்குக் கீழே இந்த ஸ்டூல். ஸ்டூல் மேல் பியானோவுக்கென்று தைத்த வெல்வெட் உறையை மடித்து வைத்திருந்தேன். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள், ஸ்டூலைப் பார்த்தார்கள். ஐயர்தான் தொண்டையைச் செருமிவிட்டுப் பியானோ உள்ளே இருக்கிறதா என்று கேட்டார். நான் முதலிலிருந்து எடுத்து விளக்கினேன், மின்சார ஆர்கன் காலத்திலிருந்து. இருபது நிமிஷம் இருக்கும். மூன்றாவது சென்சாருக்கு வரும்போது எப்சியின் சித்தி, ஜெயசீலி சித்தி, வாயைத் திறந்தாள்.

“மாப்பிள்ள, மணவறைக்கு நாற்காலி வந்துட்டு. பொண்ணு எப்ப வருது?”

எல்லோரும் சிரித்தார்கள். ஐயரும் வேதப் புத்தகத்தை மூக்குக்கு மேல் தூக்கிக்கொண்டார். பிறகு அவர் பெரிய மனுஷன், சமாளித்தார். ஸ்டூல் மேல் கையை வைத்து ஜெபித்தார். இந்த ஸ்டூலுக்காகவும், இதன் நாலு கால்களுக்காகவும், இதில் உட்காரப்போகிற மகளுக்காகவும், இதன் முன்னால் தேவ சித்தமானால் ஒருநாள் வந்து நிற்கப்போகிறதற்காகவும் என்று சொல்லிக்கொண்டே போனார். குமிழ்களை மட்டும் விட்டுவிட்டார். ஆமென் என்று முப்பது பேரும் சொன்னார்கள். ஆகவே நீங்கள் உட்கார்ந்திருப்பது ஜெபம் பண்ணின ஸ்டூல் சார், விலையில் அதைச் சேர்க்கவில்லை.

ஜெபம் முடிந்தால் ஒரு கீர்த்தனை பாடுவது வழக்கம். யாராவது சுருதி எடுத்துக் கொடுங்கள் என்றார் ஐயர். கூட்டத்திலிருந்து யாரோ, எப்சி நீ வாசி என்று கேலியாகச் சொன்னார்கள். கேலிதான் சார். எப்சி வந்தாள். உறையை எடுத்து என் கையில் கொடுத்தாள். ஸ்டூலை இழுத்துச் சாப்பாட்டு மேஜைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். மிக்சர் தட்டைத் தள்ளி வைத்தாள். மேஜை மேல் வாசிக்க ஆரம்பித்தாள்.

வெறும் மேஜை சார். சன்மைக்கா. விரல் படுகிற சத்தம்கூடச் சரியாகக் கேட்காது. ஆனால் பாட்டுக்கு முந்தின வாத்தியப் பகுதியை அவள் முழுக்க வாசித்து முடிக்கிற வரைக்கும் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முடித்துத் தலையை ஆட்டினாள், முப்பது பேரும் ஒரே சுருதியில் எடுத்தார்கள். அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மேஜைக்குச் சென்சாரே கிடையாது. இரண்டாவது சரணத்தில் எப்சி சட்டென்று நிறுத்தினாள். தப்பாப் போச்சு, திரும்ப எடுப்போம் என்றாள். எல்லோரும் நிறுத்தினார்கள். கீழ்க்குரலில் பேஸ் பாடுகிற தேவபிரியம் அண்ணாச்சி, எனக்கும் அந்த இடத்துல இடிச்ச மாதிரி இருந்துச்சு என்றார். திரும்பப் பாடினார்கள். முடிந்ததும் சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அவளுக்கு மிக்சரில் காரம் ஒத்துக்கொள்ளாது.

நான் எப்சியின் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதே ஓட்டம். கனடாவில் சப்பாத்திப் பலகையில் ஓடின அதே ஓட்டம். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது சார், மக்னீசியம் கேட்கவே இல்லை.

ஆட்கள் போனதும் அவள் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று, ஜனவரி மாடலின் பூச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் திரும்பாமலே பேசினாள்.

“அது வருஷா வருஷம் புதுசாயிட்டே இருக்கும் அத்தான். என் விரல் அப்படி ஆகாது.”

நியாயமான பேச்சு. உடனே அட்டவணையில் விரல் மூட்டுக்கு இதம் என்று நாற்பத்து நாலாவது கட்டத்தைச் சேர்த்தேன். ஜனவரியில் அந்த மாடல் வந்தது. வாங்கினவர்கள் என்ன சொல்கிறார்கள் பார்ப்போம் என்றிருந்தேன். நல்லபடியாகத்தான் சொன்னார்கள். மார்ச்சில் வேறொரு கம்பெனி நாலாவது சென்சார் பற்றி ஏதோ ஜாடையாகச் சொல்லியிருக்கிறான். அப்படியிருக்கும்போது மூன்று சென்சாரை வாங்கினால் அவளுக்கு நான் செய்கிற துரோகம் இல்லையா?

எப்சி அதற்கப்புறம் பியானோ பற்றிப் பேசவில்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி, நெருக்கடி இல்லாமல் ஆராயலாம். அவள் உடம்பைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டாள். நவம்பரிலிருந்து தினமும் நாலு மணிக்கு வாக்கிங். மழை பெய்தாலும் போவாள். ஆறு மணிக்குத் திரும்பி வரும்போது முகம் பளிச்சென்று இருக்கும், ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வருவாள். ஒரே ஒரு குழப்பம். அவள் கைக்கடிகாரத்தில் எத்தனை எட்டு நடந்தாள் என்று காட்டும், எடுத்துப் பார்த்தேன். இரண்டு மணி நேரத்துக்கு முந்நூற்றுப் பத்து எட்டு. மறுநாள் பார்த்தேன், முந்நூற்று ஐந்து. கடிகாரம் கெட்டுப்போயிருக்கிறது. இப்போது கடிகாரத்துக்கும் ஒரு அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன், இருபத்தாறு கட்டம் ஆகியிருக்கிறது.

என்ன சார்?

வழி தெரியாமல் சர்ச் பக்கம் கேட்டீர்களா? அங்கே ஞாயிறு பள்ளி அறை ஒன்று உண்டு, மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் இருக்கும். திறந்திருந்ததா? யார் வழி சொன்னது? பச்சை சேலை, கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி விட்டிருந்தார்களா?

அது எப்சிதான். அங்கே என்ன பண்ணிக்கொண்டிருந்தாள்?

அந்தக் கீபோர்டிலா?

அது எனக்குத் தெரியும் சார். அறுபத்தொரு கட்டை, ஸ்பிரிங் வகை, மூன்று கட்டை செத்துப்போய்விட்டது. வாங்கக் கூடாததற்கு உதாரணம் என்று என் அட்டவணையில் கடைசி வரிசையில் அதைத்தான் போட்டு வைத்திருக்கிறேன். சீரகம் வைத்தால் பாக்கெட்டோடு துள்ளும். அதிலா வாசித்தாள்?

நீங்கள் நின்று கேட்டீர்களா? எவ்வளவு நேரம்? நாலேகாலுக்கு வந்து சேர்ந்தவர் என் வீட்டு மணியை ஐந்துக்குத்தான் அடித்திருக்கிறீர்கள். முக்கால் மணி நேரம் அந்த வாசலிலா நின்றீர்கள்? செத்த கட்டை வருகிற இடத்தில் என்ன பண்ணினாள்? வாயால் பாடிக்கொண்டாளா, அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும்?

சரி.

இந்த வீட்டைப் பற்றி என்ன சொன்னாள்? பரவாயில்லை, சொல்லுங்கள்.

“வீட்டுல ஒருத்தங்க இருப்பாங்க, பேசிட்டே இருப்பாங்க, தலையை ஆட்டிக்கிட்டே ஸ்டூலைத் தூக்கிட்டுப் போயிருங்க” என்றா சொன்னாள்? நீங்களும் நன்றாகத்தான் ஆட்டினீர்கள்.

ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். எதில் உட்கார்ந்து வாசித்தாள்? பிள்ளைகள் பெஞ்சிலா, அந்த நீலப் பெஞ்சிலா? அது ஒரு அடி உயரம் சார். கீபோர்டை வாத்தியார் மேஜை மேல் வைத்திருப்பார்கள். பெஞ்ச் அவ்வளவு தாழ்வு, மேஜை இவ்வளவு உயரம். நவம்பரிலிருந்து இன்றைக்கு வரைக்கும். முழங்கை எங்கே வந்திருக்கும்?

காபியைக் குடித்துவிட்டீர்களா? தயவுசெய்து கொஞ்சம் எழுந்திருங்கள். வெல்வெட் உறையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், அந்த மாடல் இப்போது தயாரிப்பிலேயே இல்லை.

இந்த ஸ்டூல் விற்பனைக்கு இல்லை. இப்போது இதை ஞாயிறு பள்ளி அறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். நாளைக் காலை ஆறேகால் பஸ்ஸில் எப்சியை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். அவள் எதன் மேல் கையை வைத்துவிட்டு எடுக்க மாட்டேன் என்கிறாளோ அதை வாங்குகிறேன், சீரகம் உள்ளே போனதாக இருந்தாலும்.